நிலத்துக்குக் கீழே வேலி இல்லை

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு எல்லைகளும் அயலவர் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். வீடு, வான்பயிர், செய்பயிர் என்று காணியில் உள்ளவை யாவும் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கும். பல உறுதிகளில் இவற்றோடு இன்னுமொரு வரியும் வரும். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும், அதற்குச் செல்லும் வழியும், வாய்க்காலும் உரித்து என்பதே அவ்வரி. நிலத்தைச் சாண் கணக்கில் பிரித்து வேலியடைத்துக்கொண்ட நம் முன்னோர், நீரை மட்டும் பிரிக்காமல் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நீர் எத்தகைய பொருள், அது நிலத்தின் கீழ் எவ்வாறு தங்குகின்றது, எதனை ஏற்று எதனைத் திருப்பித் தருகின்றது என்பவற்றைச் சிறிது அறிந்துகொண்டால், அந்த வரி வெறும் சட்ட வாசகம் அன்று என்பது விளங்கும். அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் நம் வீட்டுக் கிணற்றைச் சற்று எட்டிப் பார்ப்போம்.

பற்றிக்கொள்ளும் இயல்பு

நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாகக் கொள்வது நமது மரபு. மேலைநாட்டாரும் நெடுங்காலம் அதனைப் பிரிக்க முடியாத மூலப்பொருள் என்றே எண்ணியிருந்தனர். 1780களில் இங்கிலாந்தில் ஹென்றி கவன்டிஷும், பிரான்சில் இலவோசியேயும் மேற்கொண்ட ஆய்வுகளே இவ்வெண்ணத்தை மாற்றின. தானே எரியும் ஒரு வாயுவும், பிற பொருள்கள் எரியத் துணைபுரியும் மற்றொரு வாயுவும் இணைந்தே நீர் பிறக்கின்றது எனத் தெளிவாயிற்று. தீயோடு தொடர்புடைய இரண்டு பொருள்கள் கூடி, தீயை அணைக்கும் ஒரு பொருளாகின்றன. நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்தே ஐதரசன் என்ற பெயரும் வந்தது.

ஓர் ஒட்சிசன் அணுவோடு இரண்டு ஐதரசன் அணுக்கள் சேர்ந்ததே நீர் மூலக்கூறு. இம்மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால், அப்பக்கம் சிறிதளவு மறையேற்றமும், ஐதரசன் பக்கம் சிறிதளவு நேரேற்றமும் பெறுகின்றன. ஆகவே ஒரு மூலக்கூறின் ஐதரசன் முனை, அயலிலுள்ள மூலக்கூறின் ஒட்சிசன் முனையைப் பற்றிக்கொள்கின்றது. ஐதரசன் பிணைப்பு எனப்படுவது இதுவே. திரவ நீரில் இப்பிடி நிலைத்து நிற்பதன்று. ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கை ஒத்த மிகச் சிறு நேரத்தில் அது அறுகின்றது. அடுத்த கணமே மற்றோர் அயலோடு இணைகின்றது.

இத்துணைச் சிறிய பிடியினால் விளையும் பயனோ மிகப் பெரிது. நீரின் இரசாயன உறவினராகிய ஐதரசன் சல்பைட்டை எண்ணிப் பாருங்கள். அழுகிய முட்டையின் மணத்தைத் தரும் வாயு அது. அதன் மூலக்கூறு நீர் மூலக்கூறைவிடப் பாரமானது. எனினும் பூச்சியத்திற்குக் கீழே 60 பாகை செல்சியஸ் அளவிலேயே அது கொதித்து வாயுவாகிவிடுகின்றது. இந்த ஒழுங்கைப் பார்த்தால், அதனிலும் இலேசான நீர் இப்பூமியில் ஆவியாக மட்டுமே இருந்திருக்க வேண்டும். மூலக்கூறுகள் தம் அயலைப் பற்றிக்கொள்வதனாலேயே நீர் 100 பாகை வரை திரவமாக நிற்கின்றது. கடலும், கிணறும், நம் நாளங்களில் ஓடும் குருதியும் இந்தப் பற்றினால் நிலைபெற்றவையே.

கோடையிலே மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். பானையின் நுண்துளைகளூடாகக் கசியும் நீர் ஆவியாக வேண்டுமானால் மூலக்கூறுகளின் பிடிகள் அறுபட வேண்டும். அதற்குத் தேவையான வெப்பத்தை அது பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றது. உயர்ந்து நிற்கும் பனையின் உச்சி ஓலைக்கு வேரிலிருந்து தண்ணீர் ஏறுவதும் இவ்வாறே. ஓலையிலிருந்து ஆவியாகும் நீர், தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கின்றது. அது தனக்குப் பின்னுள்ளதை இழுக்கின்றது. வேர்வரை அந்த இழை அறாமல் நீள்கின்றது.

கல்லைக் கரைத்த மழை

அயலைப் பற்றும் இதே இயல்பினால் நீர் சிறந்த கரைப்பானாகவும் விளங்குகின்றது. உப்பைத் தண்ணீரில் இட்டால், நீர் மூலக்கூறுகள் சோடியம் அயன்களையும் குளோரைட்டு அயன்களையும் தனித்தனியே சூழ்ந்து பிரித்து, தம்மோடு அழைத்துச் செல்கின்றன. உண்ட உணவின் சத்து உடலெங்கும் செல்வதும், மண்ணின் உரம் பயிருக்குச் செல்வதும் இக்கரைக்கும் தன்மையினாலேயே.

மழைத்துளி விழும்போதே வளியிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொள்கின்றது. மண்ணுள் இறங்குகையில், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அவ்வாயு மேலும் சேர்கின்றது. இவ்வாறு உண்டாகும் காபோனிக் அமிலம் மிக மென்மையானது. சோடா அருந்தும்போது நாவைச் சற்றே கூசச் செய்வதும் இதுதான். ஆயினும் இம்மெல்லிய அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க வல்லது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் அத்தகைய சுண்ணாம்புக்கல்லே. ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிவுற்ற மயோசீன் என்னும் யுகத்தில், ஆழங்குறைந்த கடலடியில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகி அக்கல் உருவாயிற்று. ஆண்டாண்டு காலமாகப் பெய்த மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, சிறிது சிறிதாகக் கரைத்து, துளைகளையும் குகைகளையும் நிலத்தடி வழிகளையும் உண்டாக்கியது. புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரை, கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலை ஆகியன இவ்வாறு அமைந்தவையே.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். இருந்தும் பல நூற்றாண்டுகளாக அங்கு மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள், தோட்டஞ் செய்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். மழை தானே கல்லைக் கரைத்துத் தனக்கொரு களஞ்சியத்தை அமைத்துக்கொண்டதால் அல்லவா இது கைகூடிற்று?

இவ்விரசாயனம் மறுதிசையில் நிகழ்வதை நீங்கள் அடுப்படியிலேயே காணலாம். கிணற்றுநீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. அப்பொழுது கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக் கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவாக ஒட்டிக்கொள்கின்றது. பழங்கடலொன்றின் ஓடுகள், மழையினால் கரைக்கப்பட்டு, நமது காலைத் தேநீர்வரை வந்து சேர்ந்த கதை அது.

கடலின்மேல் மிதக்கும் நன்னீர்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நிலத்தின் கீழே, துளைகள் நிறைந்த கல்லினுள் கடல்நீர் புகாதிருக்குமா? புகுந்தே இருக்கின்றது. ஆழத்தில் உவர்நீரும் அதன்மேல் நன்னீரும் இருக்கின்றன. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். இச்சிறு வேறுபாட்டினால் நன்னீர், நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், ஒரு வில்லையைப் போல உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும், ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதற்குக் கண்கூடான சான்று.

இந்த மிதத்தலுக்கு ஓர் எளிய கணக்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்தது அது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேலே 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிலைத்திருக்கும். இக்கணக்கை மறுபுறமாகவும் வாசிக்க வேண்டும். மேலே 1 மீற்றர் நீரை நாம் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் 40 மீற்றர் மேலெழும். கிணற்றின் மேல்மட்டம் ஒரு சாண் இறங்குவதைக் கண்டு, ஒரு சாண்தானே என்று நாம் அலட்சியம் செய்யலாகாது.

துலாவிலே பட்டை கட்டி இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. துலா மிதித்தவர் ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. ஊற்று மீண்டும் ஊறியது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் உழவரின் உடல்வருத்தம் நீங்கியது நன்மையே. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. அதன் வேகத்தில் இறைக்கும்போது, கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல் மேலெழுகின்றது. சவராகிப் போன தோட்டக் கிணறுகள் பலவற்றின் கதை இதுவே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையின் பின்னர், கிழக்குக் கரையோரத்துக் கிணறுகளிலும் இப்பாடம் கற்பிக்கப்பட்டது. கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்கும் நல்லெண்ணத்துடன் பலர் அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீரும் மேலே வந்தது. இறுதியில் அக்கிணறுகளை ஆற்றியது பருவமழையே. வானத்து நீர் மெல்ல இறங்கி, உவரைக் கீழே தள்ளி, மீண்டும் வில்லையாகத் தங்கியது. பொறுத்திருந்த இடத்தில் நீர் தன்னைத்தானே சீராக்கிக்கொண்டது.

கொடுத்ததைத் திருப்பித் தரும் நீர்

நீர் தன்னிடம் வருவதைக் கரைத்து ஏற்றுக்கொள்ளும் என்று கண்டோம். நன்மையை ஏற்பது போலவே தீமையையும் அது ஏற்றுக்கொள்கின்றது. இதற்கு நைத்திரேற்று ஓர் எடுத்துக்காட்டு.

வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு ஆகியன செழித்து வளர்கின்றன. அவற்றுக்கு இடும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மலசலகூடக் குழியிலிருந்து கசியும் கழிவும், மாட்டுத்தொழுவத்தின் கழிவும் இறுதியில் நைத்திரேற்றாகவே மாறக்கூடியவை. நைத்திரேற்று மறையேற்றமுடைய அயன். மண்ணின் களித்துணிக்கைகளும் பெரும்பாலும் மறையேற்றமுடையவை. ஆகையால் மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்து எஞ்சியது, அடுத்த மழையோடும் அடுத்த நீர்ப்பாய்ச்சலோடும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக நேரே தரைக்கீழ் நீரைச் சென்றடைகின்றது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டில் செறிவாகத் தோட்டஞ் செய்யும் பகுதிகளின் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980கள் முதலாக ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை. தெளிந்து, இனித்துக் காணப்படும். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், நைத்திரேற்றோ அழியாது. நீரில் ஒரு பகுதி ஆவியாவதால் எஞ்சியதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இதனால் முதலில் பாதிப்புறக்கூடியவர் யார் தெரியுமா? ஆறு மாதத்திற்கும் குறைந்த கைக்குழந்தையே. அத்தகைய நீரில் கரைத்த பால்மாவை அருந்தும் குழந்தையின் உடலில், நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும். குழந்தையின் உதடும் விரல்நுனியும் நீலம் பூக்கும். தாய்ப்பாலை மட்டுமே அருந்தும் குழந்தைக்கு இவ்வாபத்து மிகக் குறைவு என்பதையும் தாய்மார் அறிந்திருத்தல் நன்று. உரமிட்டவர் ஒருவர், குழி வெட்டியவர் இன்னொருவர், நீலம் பூப்பதோ, இவர்கள் எவரையும் அறியாத மூன்றாம் வீட்டுக் குழந்தையின் உதட்டில்.

எண்ணெய் நீரிலே கரையாது. மூலக்கூறுகளின் அந்தப் பிடிக்குள் அதற்கு இடமில்லை. ஆயினும் நீரின்மேல் படலமாக மிதந்து அதுவும் பயணம் செய்யும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த முறைப்பாடுகளும், அந்நாட்களில் அவ்வூர் மக்கள் குடிநீருக்காகத் தாங்கி வண்டிகளை எதிர்பார்த்துக் கலன்களோடு நின்றதும் நம் நினைவில் உள்ளன. மேலே எத்தனை மதில்கள் எழுப்பினாலும் நிலத்துக்குக் கீழே வேலி இல்லை என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

யாக்கோபின் கிணற்றருகே

கிணற்றடியில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றைத் திருமறை வாசகர்கள் நன்கு அறிவர். யூதர் ஒருவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கின்றார். இரு இனத்தாரும் ஒருவரோடொருவர் புழங்காத காலம் அது. அவள் வியப்புறுகின்றாள். அந்தக் கிணறு இன்றும் நாப்லுஸ் நகருக்கருகே, கிரேக்க மரபுத் திருச்சபையின் ஆலயமொன்றினுள் இருக்கின்றது. ஏறத்தாழ 40 மீற்றர் ஆழமுடையது. சமாரிய மலைகளும் சுண்ணாம்புக்கல் மலைகளே. அங்கும் மழைநீர் கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் தங்கி, கிணற்றுக்கு வந்து சேருகின்றது.

மொள்ளும் பாத்திரங்களை மனிதர் வேறுபடுத்தி வைத்திருந்தனர். ஊறிய நீரோ ஒன்றாகவே இருந்தது. நமது நாட்டிலும், கிணற்றில் அள்ளும் உரிமையைச் சாதியின் பெயரால் மறுத்த நாட்கள் இருந்தன. மறுத்தவரின் கிணற்றுக்கும் மறுக்கப்பட்டவரின் குடிலுக்கும் கீழே ஒரே நீர்தான் இருந்தது என்பதை எண்ணும்போது, அம்மறுப்பு எத்துணை வெறுமையானது என்பது புலனாகும். அயலானை நேசி என்ற கட்டளையை அன்போடும் இரக்கத்தோடும் சேர்த்தே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நமது தோட்டத்து உரமூடையையும், வளவின் மூலையில் வெட்டிய குழியையும், இரவெல்லாம் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் அக்கட்டளை தொடுகின்றது என்று நாம் எண்ணியதுண்டா?

இனி நாம் செய்யத்தக்கவை

கடல்நீரை நன்னீராக்கிப் பருகலாமே என்று கேட்பவர் உளர். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்ட நிலையம் 2024ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அது பலருடைய தாகம் தணிக்கும் நற்பணியே. எனினும் நீர் பற்றிக்கொண்ட உப்பை அதனிடமிருந்து பிரிப்பது எளிதன்று. வளிமண்டல அமுக்கத்தைப் போல் 50 மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கத்தில், மென்சவ்வுகளூடாகக் கடல்நீரைச் செலுத்த வேண்டும். அதற்கு ஓயாத மின்சாரம் வேண்டும். இதே வேலையைச் சூரியன் நாள்தோறும் கடலின்மேல் செய்து, மாரியிலே நம் கூரையில் கொண்டுவந்து சொரிகின்றது. விலை கேட்பதில்லை. இதனை இறைவனின் கொடை என்று சொல்வோர், அக்கொடையை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

கூரைநீரைத் தெருவுக்கு விடாது தொட்டியில் சேருங்கள். எஞ்சியதைக் குழி வெட்டி மண்ணுக்குள் இறக்குங்கள். ஊர்க்குளங்களையும் கேணிகளையும் குப்பையினால் நிரப்ப இடமளியாதீர்கள். அவை நிலத்தடி நீருக்கு வாயில்கள். வளவு முழுவதையும் கொங்கிறீற்றினால் மூடாது, மழை இறங்க மண்ணை விட்டுவையுங்கள். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், பயிரின் தேவையறிந்து பகிர்ந்து இடுங்கள். கூட்டெருவையும் பசளையிலையையும் சேருங்கள். மலசலகூடக் குழியை உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமன்றி, அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்தும் தூரத்தில் அமையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பின், கிணற்று நீரை நைத்திரேற்றுக்காகப் பரிசோதித்து அறிந்துகொள்ளுங்கள். இறைக்கும்போது கிணற்றுக்கும் ஓய்வு கொடுங்கள்.

இவை பெரிய தியாகங்கள் அல்ல. ஒருவர் செய்தால் பயன் சிறிது; ஒரு குறிச்சி முழுவதும் செய்தால் நிலத்தடியில் ஒரு மீற்றர் நீர் உயரக்கூடும். ஒரு மீற்றரின் பொருள் என்னவென்று இப்போது நீங்கள் அறிவீர்கள்.

ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்களின் கூட்டத்தையும் பங்கு என்றே நாம் அழைக்கின்றோம். காணி உறுதியில் கிணற்றுக்கு எழுதப்பட்டதும் அதே சொல். அடுத்த முறை கிணற்றில் வாளியை இறக்கும்போது, உங்கள் கயிறு உங்கள் காணிக்குள் இறங்கினாலும், வாளி மொள்ளுவது அயலவரோடு பங்குள்ள நீரை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அந்நினைவோடு மொண்டு பருகுங்கள். அந்நினைவோடு அதனைக் காத்து, அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்லுங்கள்.